பிந்தி வரும் கண்

மண்டையில் ஒன்றுமில்லை என்று
கோவையில் ஸ்கேன் சொல்லிவிட்டது.
முதலாளி ஆறுச்சாமியும் அதையேதான்
நான் சேர்ந்த நாளிலிருந்து சொல்கிறார்.

தார்ப்பாய்க் கயிறு முறுக்கும் கம்பி
எகிறி நெற்றியில் பட்டது.
ரத்தம் இல்லை, மயக்கம் இல்லை.
மதுக்கரை சிமெண்ட் நானூறு மூட்டை
அன்றைக்கே ஒலவக்கோட்டில் இறக்கினேன்.

அப்புறம்தான்
பெட்ரோல் பங்க் வெளிச்சம் குத்த ஆரம்பித்தது.
டீக்குச் சில்லறை எண்ணும்போது
நடுவில் ஒரு எண் காணாமல் போனது.
கிளீனர் திருமூர்த்தியின் பெயரை
அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே தேடினேன்.
வீட்டில் சொன்னாள்: நடிப்பு.
பதினொரு நாள் நானும்
அப்படித்தானோ என்றிருந்தேன்.

வாளையாறு எடைமேடை ஓரம்
டிரைவர்களுக்கு முகாம் என்று ஒரு பந்தல்.
சர்க்கரை பார்க்கத்தான் உட்கார்ந்தேன்.
ஷைபி என்ற பெண் கேட்டாள்:
"தலைக்கு அடி வல்லதும் கிட்டியோ அண்ணா?"

டிபன் டப்பா அளவு பெட்டியிலிருந்து
முத்துக் குளிப்பவன் மாட்டுவது போல
ஒரு கண்ணாடி எடுத்து மாட்டினாள்.
உள்ளே இருட்டு.
இருட்டில் ஒரு வெள்ளைப் பொட்டு
வட்டமாக ஓடியது.
தலை அசையக்கூடாது,
கண் மட்டும் கூடவே போகட்டும் என்றாள்.

இதென்ன பெரிய வேலை.
சுரங்கம் வருவதற்கு முன்னே
முன்வண்டியின் சிவப்பைப் பிடித்துக்கொண்டு
மழையில் குதிரான் ஏறினவன் நான்.

பொட்டு போனது. நான் போனேன்.
போனேன் என்றுதான் நினைத்தேன்.

திரையைத் திருப்பிக் காட்டினாள்.
பொட்டு போன பாதை, வளையல்.
என் கண் போன பாதை,
கொத்துவதற்குப் பிய்த்துப்போட்ட பரோட்டா.
நல்ல கண்ணுக்குப் பொட்டு எங்கே போகுமென்று
முன்னாலேயே தெரியுமாம்.
என்னுடையது பின்தங்கி
தாவித் தாவிப் பிடிக்கிறதாம்.
"கருவி இவ்வளவுதான் பறயும்.
கஞ்சிக்கோட்டில டாக்டரைக் காணணும்.
அதுவரை ஸ்டியரிங் தொடண்டா."

பயம் வந்திருக்க வேண்டும்.
வந்தது வேறு:
பதினொரு நாள் சுமந்ததற்கு
கடைசியில் ஒரு எடைச்சீட்டு.
அச்சடித்து வாங்கி
பர்மிட்டோடு மடித்து வைத்தேன்.

போனில் முதலாளி கேட்டார்:
"உன்னை எவன் வட்டமா ஓட்டச் சொன்னது?
ரோடு நேராத்தானேய்யா கிடக்கு?"

சாயங்காலம் வேறு டிரைவர் வந்தார்.
திருமூர்த்தி கையாட்டிவிட்டு ஏறிக்கொண்டான்.
கணவாய்க் காற்று பந்தல் துணியை அடிக்க
எங்கள் வண்டியின் பின்விளக்கைப்
பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிவப்பு.
அப்புறம், சிவப்பு இருந்த இடம்.
அப்புறம், கொஞ்சம் தள்ளி,
சிவப்பு.