மைனஸ் முப்பத்தேழு

பச்சை, நீலம், இளஞ்சிவப்பு.
ஜெலுத்தோங்கில் கியான் செங்கின் கடை மேசைமேல்
மூன்று புட்டிகள்.
இரவுச் சந்தையில் ஐஸ் போட்டு விற்கிற சர்பத் மாதிரி
மூன்றும் தொண்டையைக் கேட்கின்றன.
நிறத்தைப் பார்க்காதே அக்கா, அது வெறும் சாயம்
என்கிறான் அவன், மலாயில்.

நேற்றிரவு வேலைக்குப் போகையில்
பாலத்தின் நடுவே சூட்டு முள் சிவப்பில் ஏறிவிட்டது.
கம்பியோரம் மோட்டாரை அணைத்து நிறுத்தினேன்.
லாரி போகும்போதெல்லாம் பாலம் லேசாகத் தூக்கிப் போடும்,
நின்றால்தான் தெரிகிறது.
கீழே இரண்டு கரைக்கும் நடுவில் அவ்வளவு தண்ணீர்,
ஒரு குவளைக்கும் உதவாது.
நாற்பது நிமிடம்.
சூப்பர்வைசர் மூன்று முறை அழைத்தாள்.

ரேடியேட்டரில் என்ன ஊற்றியிருந்தாய்?
கேட்டவனிடம் 'தெரியாது, பழைய மோட்டார்' என்றேன்.
பாதி உண்மை.
விற்றுவிட்டு ஜொகூர் போன சுல்ஹில்மி
என்னமோ பச்சையாய் ஊற்றியிருந்தான்.
அது குறையக் குறைய
மூன்று மாதமாய் நான் ஊற்றியது குழாய்த் தண்ணீர்.

நீலம் பந்தயக்காரர்களுக்காம்;
தடத்தில் சிந்தினாலும் வழுக்காதாம்.
நான் பந்தயம் ஓடுவது
பாயான் லெப்பாஸ் கேட்டில் இருக்கும் கடிகாரத்தோடு.
பச்சை பன்னிரண்டு வெள்ளி.
மலிவுதான், ஆனால் அதில் சிலிக்கேட் இருக்கிறது,
கண்ணுக்குத் தெரியாத மணல் மாதிரி,
பம்பின் சீலை மெல்ல மெல்ல அரம் போடும்.
மேலும் ஏதோ விளக்க வந்தான்.
போதும் என்று கை காட்டினேன்.
பன்னிரண்டு மணி நேரம் மைக்ரோஸ்கோப்புக்குள் தூசி தேடுகிறவள் நான்.
ஒற்றைத் துகளுக்கு ஒரு தட்டு சில்லையே
குப்பைக்கு அனுப்பியிருக்கிறேன்.

இளஞ்சிவப்பு இருபத்தெட்டு வெள்ளி.
கலந்தே வருகிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கக் கூடாது.
லேபிளில் கொட்டை எழுத்தில்:
மைனஸ் முப்பத்தேழு பாகைவரை உறையாது.
சிரித்துவிட்டேன்.
நான் பிறந்த நாளிலிருந்து பினாங்கில் உறைந்தது
ஐஸ் கச்சாங் ஒன்றுதான்.
கியான் செங்கும் சிரித்தான். பிறகு
புட்டியைத் திருப்பி, மண்டையோட்டுப் படத்தில் விரல் வைத்தான்.
இனிக்கும். பூனை நக்கிவிடும். ஜாக்கிரதை.

செபராங் ஜெயா, அடுக்குமாடியின் கீழ்த்தளம்,
மாலை ஐந்து. எஞ்சின் ஆறிவிட்டது.
பம்பின் அடியில் திருகைக் கழற்றியதும்
பழைய மைலோ டின்னுக்குள் வடிகிறது
துருப்பிடித்த தேநீர்.
முதலில் மூக்கைத் தூக்கியது போஸ்.
கார் நிறுத்துமிடம் முழுக்கத் தனதென்று நினைக்கிற
அரைவால் பூனை.
வாடகை கேட்க வருகிற மாதிரி வந்தது.
சூ என்றேன். உட்கார்ந்து பார்த்தது.
ஸ்பேனரை ஆட்டினேன். கொட்டாவி விட்டது.
வேறு வழியில்லாமல்
டின்னின் வாயை ஹெல்மெட்டால் மூடி,
அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு,
ஒற்றைக் காலில் நின்றபடி
இளஞ்சிவப்பை ஊற்றினேன். குமிழ் வந்தது,
இன்னொன்று, பிறகு பெரிய ஏப்பம்.
தரையில் தெறித்த நாலு சொட்டைச்
சோப்பு போட்டு இரண்டு முறை கழுவினேன்.
போஸ் எழுந்து போய்
நான்காம் மாடி ஹஜ்ஜாவின் கார்மேல் படுத்தது,
என்னைப் பார்க்காமல்.

ஒரு லிட்டர் முழுக்கத் தேவைப்படவில்லை.
மிச்சம் பீரோவில், பிறப்புப் பத்திரத்துக்கும்
வீட்டுக் கடன் தாளுக்கும் பக்கத்தில்,
பூட்டு உள்ள இடம் அது ஒன்றுதான்.

இரவு பாலத்தில் முள் நடுவில் நின்றது, அசையவில்லை.
அதையே பார்த்துக்கொண்டு வந்ததில்
வழியில் கப்பல் இருந்ததா தெரியாது.
கேட்டில் அட்டையைத் தொட்டபோது
ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் பாக்கி.
இனி மோட்டாரைக் காரணம் சொல்லி நழுவ முடியாது.
பனி கொட்டினாலும் வரவேண்டும்,
மைனஸ் முப்பத்தேழு வரை.