இடது பை

முந்நூறு வோல்ட் என்று தெரிந்ததும்
முதலில் போனது தையல்காரரிடம்.
குர்த்தாவுக்கு இடது பக்கம் ஒரு பை, ஆழமாக.
போனுக்கா என்றார் நயீம் மாஸ்டர்.
இல்லை, கைக்கு.
நாடாவைக் கழுத்தில் போட்டபடி
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
பிறகு மணிக்கட்டை அளந்தார்.

மின்சாரம் ஓடும்போது
வலது கை மட்டும் உள்ளே போகலாம்.
இடது கை பைக்குள் இருக்கவேண்டும்.
இரண்டும் தொட்டுவிட்டால்
நடுவில் இருக்கும் குறுக்குவழிக்கு
நெஞ்சு என்று பெயர்.
இந்த விதியை எழுதியவர்கள் எல்லாரும்
கால்சட்டை போட்டவர்கள்.

லாமிங்டன் ரோட்டிலிருந்து டிரான்ஸ்பார்மர்,
நாலரைக் கிலோ.
மழைக்குத் துப்பட்டாவில் சுற்றி
தாதரில் வண்டி மாறி
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
எதிரில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள்
எத்தனை மாசம் என்றாள்.
ஆறு என்றேன்.
சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த கணக்கு அது.

வால்வுகளைப் பஞ்சில் பொதிந்து கொடுத்தார் ராம்பியா.
உள்ளே என்ன, தெரிந்தேதான் கேட்டேன்.
ஒன்றுமில்லை, அதற்குத்தான் காசு என்றார்.
சயானில் நூற்றிருபது சதுர அடிக்கு
பதினோராயிரம் கொடுக்கிறவளுக்கு
அது புதிய செய்தி இல்லை.

ஈயம் உருக்கிய இரவில்
கீழ்வீட்டு பெட்னேகர் கதவைத் தட்டினாள்.
ஏதோ புகைகிறதே?
சாம்பிராணி என்றேன்.
பாதி உண்மை.
அதுவும் ஒரு மரத்துப் பிசின்தான்.

ஒரே ஒரு ரெசிஸ்டர் குறைந்தது.
சிவப்பு, சிவப்பு, மஞ்சள்.
அணைத்த பிறகும் தேங்கி நிற்கும் மின்சாரத்தை
மெல்ல வடியவிடுவது அதன் வேலை.
எண்ணித்தான் போட்டேன் என்றார் ராம்பியா.
போடவில்லை என்றேன்.
நாலு ரூபாய்ச் சாமானுக்கு
இருபது நிமிடம் போனில் சண்டை.
கடைசியில் அவர் அலுத்துப்போய்,
அது இல்லாமலும் பாடும் அம்மா.

பாடுவதற்கு முன்
ம்ம்ம் என்றது.
பூமிக்கம்பியில் எங்கோ பிசகு.
தேடிப் பிடித்து அறுத்திருக்கலாம்.
ஆனால் பாதிக் கதையில் ஒருவர் ம் கொட்டுகிற மாதிரியே இருந்தது.
இந்த அறையில் எனக்கு யாரும் ம் கொட்டி
ரொம்ப நாள்.
அன்று ராத்திரி அப்படியே விட்டேன்.
ஆபீசில் நடந்ததைக்கூடச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பிசகைத் தேட உட்கார்ந்தேன்.
வால்வுகளைக் கழற்றி வைத்து
வோல்ட் மட்டும் அளந்தேன்.
அணைத்தேன்.
பிளக்கையும் பிடுங்கினேன்.
டீ போட்டுக் குடித்தேன்.
இனி என்ன என்று திருப்புளியை உள்ளே விட்டேன்.

பட்டென்று ஒரு நீலம்.
திருப்புளி முனையில் கடுகளவு காணோம்.
தெருவில் மழை மட்டும் கேட்டது.

இடது கை, பழக்கத்தில்,
பைக்குள்தான் இருந்தது.
இறுக மூடியிருந்த விரல்களை
ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.
உள்ளங்கையில் ஏதோ குத்தியது.
வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால்
சிவப்பு, சிவப்பு,
மஞ்சள்.

ராம்பியாவுக்குப் போன் செய்யவேண்டும்.
நடுக்கம் நிற்கட்டும்.