மூன்று இழுப்பு

மூக்கடைத்தவனைக் கடலுக்குள் விடுவதில்லை,
கெயோன் துறையில் அது எழுதாத சட்டம்.
எவரிஸ்தோவுக்கு அன்று ஜலதோஷம்.
"காற்று வருவது வாய்க்கு. மூக்குக்கு அங்கே என்ன வேலை?"
சொல்லிப் பார்த்தேன்.
காதில் போட்டுக்கொள்ளவில்லை.

படகு என் அக்காளுடையது.
கம்ப்ரசர் இன்னும் கடைக்காரனுடையது, ஏழு தவணை பாக்கி.
மஞ்சள் குழாயின் மேல்முனை மட்டும் என்னுடையது.
பதினோரு குளிர்காலமாய் அதைப் பிடித்து நின்று
அவன் மூச்சுக்குக் காவல் இருக்கிறேன்.
ஒரு இழுப்பு: நலம்.
இரண்டு: இன்னும் கொஞ்சம் விடு.
மூன்று: ஏற்று.
இதைத் தவிர எங்களுக்குள் பேச்சு குறைவு.

கடல் முதலில் விரலால் அழுத்தும்.
பிறகு உள்ளங்கையால்.
பிறகு முழங்காலை ஊன்றி.
முன்னும் பின்னும் ஒரே பாரம் என்றால்
செவிப்பறை பாட்டுக்கு நிற்கும்.
அதற்குத்தான் மூக்கைப் பிடித்து வாயை மூடி
உள்ளிருந்து ஊதுவது;
தொண்டைக்கு மேலே எங்கோ
'டப்'பென்று ஒரு கதவு திறக்கும்.
அன்று திறக்கவில்லை.

இரண்டு மீட்டரில் வலி.
மூன்றில் ஊசி.
கீழே பாறை தெரியாமல் கடல்முள்ளி,
கரையில் கூடைக்கு விலை பேசிவிட்டு
எஞ்சினை அணைக்காமல் நிற்கிற லாரி.
ஐந்தில்
ஈரத்துணி கிழிகிற சத்தம் கேட்டதாம்.
கிழிந்ததும் வலி போய்விட்டதாம்.
அப்போதுதான் பயந்தேன் என்றான்.

ஒன்பது டிகிரித் தண்ணீர்
அதுவரை தண்ணீரே காணாத ஓர் அறைக்குள் நுழைந்தது.
கடல் சுழன்றது.
தரை தோளுக்கு மேலே ஏறியது.
தன் காலையே துரத்தி நீந்தினான்.
குமிழிகள் பக்கவாட்டில் ஓடின என்று
இன்றும் சத்தியம் செய்கிறான்.
குமிழி நேராகத்தான் போயிருக்கும்.
தலைதான் பொய் சொன்னது.

மேலே, என் கையில்:
ஒன்று.
நான்கு.
பிறகு எண்ணிக்கையே இல்லாத உதறல்.
"இழு, இழு!" என்று ரோசாமெல் கத்தினான்.
நான் இழுக்கவில்லை.
மூச்சை அடக்கியபடி சட்டென்று ஏறுகிறவனுக்கு
நுரையீரலும் கிழியும்.
ஒன்று கிழிந்தது போதும்.
நிரம்பக் கொதிக்கிற சட்டியை
அடுப்பிலிருந்து இறக்குகிறவள்போல
தளரவிடாமல் இறுக்காமல் பிடித்து நின்றேன்.
இதோ, இந்தப் பக்கம்தான் மேல் என்று சொல்ல
வேறு மொழி இருக்கவில்லை.

உள்ளே போன தண்ணீர்
உடம்பின் சூட்டுக்கு வந்துவிட்டால் சுழல் நின்றுவிடும்,
ஒரு நிமிடம், கூடக்குறைய.
அது டாக்டர் பிறகு சொன்னது.
எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் அலைகள்.
நாற்பது எண்ணினேன்.
முப்பத்தி ஆறை இரண்டு தடவை எண்ணியிருப்பேன்.
பிறகு
மெதுவாய், ஒழுங்காய்,
மூன்று.

"பருப்பு அளவு ஓட்டை," என்றாள் டாக்டர்,
தெமுக்கோவிலிருந்து வந்த சின்னப் பெண்,
கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.
"தானாய் மூடும். ஆறு வாரம் தலை நனையக் கூடாது."
பதினெட்டாம் நாள்
பஞ்சும் வாஸ்லைனும் அடைத்துக்கொண்டு இறங்கினான்.
ஏழு தவணையில் ஒன்று அந்த வாரம்.
இனி வலிக்காதே, என்கிறான்,
மூடாத வாசலை யார் தட்டப் போகிறார்கள்?
சனிக்கிழமைகளில் மதுக்கடையில்
சிகரெட் புகையை வலக்காது வழியே விட்டுக் காட்டுகிறான்.
ரோசாமெல் மேஜையைத் தட்டிச் சிரிக்கிறான்.
நானும் ஒருமுறை சிரித்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் அவனுக்கு இடப்பக்கமாய் நடக்கிறேன்.
நேற்று வலை காயும் சுவரோரம்
வழி குறுகி வலப்பக்கம் வர நேர்ந்தது.
பதினோரு வருடமாய்ச் சொல்லாத ஒன்றை
சாதாரணக் குரலில் சொல்லிவிட்டேன்.
நின்றான்.
வானத்தைப் பார்த்தான்.
"மழை வருமென்றா சொன்னாய்?"
ஆமாம், என்றேன்,
மழை.