புரி

உட்துறைமுக வீதியில் என் கடை.
பலநாட் படகின் வின்ச்சுக்கும் பாரந்தூக்கிக்கும்
அழுத்தம் தாங்கும் குழாய் வெட்டி
முனை நசுக்கிக் கொடுப்பேன்.
கார் வருவதில்லை.
வந்தது, அறுபத்தாறாம் ஆண்டு எம்.ஜீ.,
கூரை மடித்து,
வழிவிட மனமில்லாத புள்ளிமான் ஒன்று
அதன் பொனற்றை மோந்துகொண்டு நிற்க.

இறங்கினவர் பவளகாந்தன்.
நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்.
தமிழில் அழுததைச் சிங்களத்தில்
அழாமல் சொல்பவர்.

“காலமை அறுபது றாத்தல் காட்டுது, ஜெசிந்தா.
அக்போபுர போறதுக்குள்ள பதினைஞ்சு.
எண்ணெய் கொதிச்சுத் தண்ணியாப் போகுது.”

சாக்கில் சுற்றி ஒயில் கூலரும் கொண்டுவந்திருந்தார்.
தம்பலகாமத்துச் சேற்றில் செத்துப்போன
அறுவடை மெஷின் ஒன்றினது.
காற்றடித்தேன்.
மடிப்புக்குள் கிடந்த இரண்டு போக உமி
அவருடைய வெள்ளைச் சேட்டில் போய்க் குந்தியது.

எஞ்சினின் புரி அங்குலம்.
கூலரின் புரி மில்லிமீற்றர்.
கையால் திருகினால் ஒன்றரைச் சுற்று ஏறும்,
பிறகு கடிக்கும்.
“இறுக்கினா வராதோ?”
“வரும். ஒருக்கா வரும்.
பிறகு ரெண்டு புரியும் செத்துப்போம்.”
பித்தளைத் துண்டொன்றைக் கடைசலில் பிடித்து
ஒரு தலையில் அங்குலம் வெட்டினேன்
மறு தலையில் மில்லிமீற்றர்.
நடுவில் ஓட்டை மட்டும்.
அவர் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.
“இவருக்குச் சம்பளம் எவ்வளவு?”
“உங்களைவிடக் குறைவு.”

இதை நான் இதுவரை சொல்லவில்லை:
மூன்று வருடத்துக்கு முன் நானும்
அந்தக் கூண்டில் நின்றவள்.
குழாய் வெடித்து ஒருவரின் விரல்கள் போன வழக்கு.
“நசுக்கினது நான்தான்.
ஆனால், குழாய் பழசு, மாத்தச் சொன்னனான்” என்றேன்.
அவருடைய வாயால் அது மேலே போனது.
தீர்ப்பில் நசுக்கினது இருந்தது.
ஆனால் இல்லை.

இரண்டாம் நாள் கிறில் கழற்றினோம்.
றேடியேற்றருக்கு முன்னால், காற்று முதலில் முட்டும் இடம்.
தகட்டில் இரண்டு துளை போட ட்ரில்லை எடுத்ததும்
கடல் பார்க்கிற சாட்டில் வீதிக்குப் போய்விட்டார்.
துளையின் விளிம்புக்கு றபர் வளையம்,
இல்லையென்றால் தகடு குழாயைத் தின்னும்.
கயிறு பிடித்து அளந்து
இரண்டு விரல் கூட்டியே வெட்டினேன்.
எஞ்சின் உதறும்;
விறைப்பாகக் கட்டினது அறும்.

கூலருக்குள் எண்ணெய் நிரப்பி, மூட்டி,
கொயில் வயரைப் பிடுங்கிவிட்டுச்
சாவியைத் திருப்பச் சொன்னேன்.
கறகறவென்று சுற்றியது. முள் அசையவில்லை.
இன்னும் சுற்றியது.
அவருடைய நெற்றியில் வியர்வை.
பிறகு முள்,
கூப்பிட்டது தன்னைத்தானா என்று யோசித்து எழும்புகிறவர்போல,
பத்து. முப்பது.

கந்தளாய்க் குளக்கட்டு மட்டும் ஓடினோம்.
நண்பகல் வெயில். நாற்பதில் நின்றது முள்.
நிறுத்திப் பொனற்றைத் திறந்தோம்.
கூலருக்குள் போகும் குழாயைத் தொடமுடியாது.
திரும்பி வருவது, பிடிக்கலாம்,
கன்னியாவின் ஏழில்
கால் வைத்து உடனே எடுக்கும் அந்தக் கிணறுபோல.

கேட்டுவிட்டேன்.
“என்ர ‘ஆனால்’ எங்க போனது?”

குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
“நமுத் எண்டு சொன்னனான், ஜெசிந்தா.
நல்ல ஞாபகம்.
தட்டச்சுக்காரி அந்த நேரம் தாள் மாத்தினவ.”

நம்பினேனா, தெரியாது.
மூன்று வருடம் ஒருவர் ஞாபகம் வைத்திருக்கிற சொல்லா அது?
எனக்கு இருந்ததே.

பித்தளையின் அடியில் ஒரு துளி எண்ணெய் திரண்டிருந்தது.
துணியால் துடைத்து
ஸ்பனரைக் கால் சுற்று இழுத்தேன், அதற்குமேல் இல்லை.
எஞ்சினை ஓடவிட்டு,
தலை இரண்டும் முட்டக் குனிந்து
அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்,
அடுத்த துளி வருகுதா என்று.