ஆள் ஜாமீன்

தேன்கனிக்கோட்டை கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை நிழலில் பதினொரு வருஷம் நின்றேன்.
முதலீடு என்று பார்த்தால்
தளி ரோட்டில் ஒன்றேகால் சென்ட் ஓட்டு வீடு,
அதற்கு வரி கட்டிய ரசீது,
லேமினேட் செய்த ரேஷன் கார்டு,
'இவரை எத்தனை நாளாகத் தெரியும்?' என்று கேட்டால்
'சின்ன வயசிலிருந்தே, ஐயா'
என்று சொல்லப் பழகிய வாய்.

யாரையும் எனக்குத் தெரியாது.
பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு படியேறுவேன்.
ஒருமுறை வேர்வையில் மை கலைந்து
சென்றாயனைச் சின்னராயன் என்றேன்.
யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தலைக்கு இரண்டாயிரம்.
கஞ்சா கேஸ் என்றால் மூவாயிரம்.
சில நோட்டுகளில் ஆட்டு வாசம் அடிக்கும்,
அன்று காலைதான் விற்றிருப்பார்கள்.
விற்க எதுவும் இல்லாதவர்களின் ஆட்கள்
உள்ளேயே இருந்தார்கள்.

அஞ்செட்டிப் பக்கத்துக் கெம்பன் அப்படி இருந்தவன்.
மோட்டார் ஒயர் திருடியதாக வழக்கு.
நாலாம் நாளே ஜாமீன் கொடுத்துவிட்டார்கள்:
இரண்டு ஆள், தலா பத்தாயிரம்,
சொத்து மதிப்புக்குத் தாசில்தார் சான்று.
ஜாமீன் கிடைத்த பிறகு
எழுபத்தொரு நாள் சிறையில் இருந்தான்.
இந்த வரியை இன்னொரு தரம் படியுங்கள்.
நான் பதினொரு வருஷம் படிக்காமல் தாண்டிய வரி.

அவன் பெண்டாட்டி மாதி என்னிடம் வந்தாள்.
முடிச்சில் எண்ணூறு ரூபாய்.
பேரம் பேச அவளுக்குத் தெரியவில்லை.
எனக்குத் தெரிந்திருந்தது.
'மீதியோடு வாம்மா' என்றேன்.
கொல்லையில் ராகி பால் பிடித்திருந்தது,
பரணில் ஆள் இல்லை.
மூன்று ராத்திரி யானை வந்தது.
நாலாவது ராத்திரி அதற்கு அங்கே வேலை இல்லை.

அப்புறம் ஒரு மேஜிஸ்ட்ரேட் மாற்றலாகி வந்தார்,
எந்நேரமும் சளி பிடித்த குரல்.
'பணம் வேண்டாம், ஆள் வேண்டாம்,
சொந்தப் பிணையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும்'
என்றார், சின்ன வழக்குகளுக்கு.
எழுதத் தெரியாதவர்கள் கட்டைவிரல் வைத்தார்கள்.
டீக்கடையில் நாங்கள் சிரித்த சிரிப்பில்
பன் புரையேறியது ஒருத்தனுக்கு.
கர்நாடகம் நடந்து போகிற தூரம்,
எவன் திரும்பி வருவான்?
பத்துக்கு மூன்று என்று நான் பந்தயம் கட்டினேன்.

வாய்தா அன்று வாசலில் நின்று எண்ணினேன்.
ஒன்பது பேர்.
கோர்ட்டு கதவு திறக்கும் முன்பே வந்து
தூக்குவாளியோடு மரத்தடியில் குந்தியிருந்தார்கள்.
பத்தாமவன் வரவில்லை.
ஓசூரில் சென்ட்ரிங் வேலை, தேதி மறந்துபோச்சு
என்று மறுவாரம் வந்து நின்றான்.
நான் ஜாமீன் நின்றவர்களிலும்
வராமல் போனவர்கள் உண்டு.
அப்போது நோட்டீஸ் என் வீட்டைத் தேடும்,
நான் வேறு வரி ரசீதில் வேறு பெயரில்
வேறு கோர்ட்டில் நின்றுகொண்டிருப்பேன்.

ஜெராக்ஸ் கடைக்காரன் மொபைல் ரீசார்ஜுக்கு மாறினான்.
நான் ரோஜாக் குடிலில் மருந்தடிக்கப் போனேன்.
பிளாஸ்டிக் கூரையின் கீழே
மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கும்போதுதான்
பழைய ரசீதுகளைத் தேடி போலீஸ் வந்தது.

இந்த முறை நான் படியேறியது
உள்ளங்கையில் எதுவும் எழுதாமல்.
ஆள் இருக்கிறதா என்று கேட்பார்கள் என நினைத்து
கூட்டாளிகள் முகத்தைத் தேடினேன்.
ஒருத்தரும் வந்திருக்கவில்லை.
'வாய்தாவுக்கு வருவீர்களா?'
சளிக் குரல் அவ்வளவுதான் கேட்டது.
என்னைச் சின்ன வயசிலிருந்து தெரிந்த ஒரே ஆள்
நான்தான்.
'வருவேன்' என்றேன்.
என் பெயரை எழுதும்போது
நடுவில் ஒரு எழுத்து தடுமாறியது,
அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

நாளைக்கு வாய்தா.
ஐந்தே முக்காலுக்கு ஒரு பஸ் இருக்கிறது.
அதற்கு முன்னாலேயே ஒன்று உண்டா என்று
பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வந்தேன்.