மணிக்கணக்கு

முதலாமாண்டுக்கு நூற்றிருபது மணி நேரம் சேவை,
ஒரு மணி குறைந்தாலும் சான்றிதழ் கிடையாது
என்றார் கோதண்டம் சார். வணிகவியல் துறை, கழுத்தில் விசில்.
மஞ்சள் பனியன் எல்லோருக்கும் ஒரே அளவு.
எனக்கு முட்டி வரை வந்தது.

அடிவாரத்தில் எலுமிச்சம்பழம் வாங்கினோம்.
ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் தில்ஷாத் வாந்தியெடுத்தாள்,
பதினொன்றில் நான்.
இருபதும் முடிந்து திரும்பிப் பார்த்தால்
சேலம் முழுக்கப் புகைமூட்டம்,
வெள்ளைக்கல் சுரங்கம் மட்டும்
யாரோ சுண்ணாம்பைக் கொட்டிவிட்டுப் போனது போல.

அரளிக்காட்டில் ஏழு நாள்.
பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடித்தோம்.
மரக்கன்றுக்குக் குழி தோண்டினோம்.
கடப்பாரையின் மூன்றாவது குத்தில்
போன வருடம் வந்த கல்லூரியின் தகரப் பலகை தட்டுப்பட்டது,
கூடவே ஒரு காய்ந்த குச்சி.
சார் விசிலை ஊதி
இரண்டடி தள்ளித் தோண்டச் சொன்னார்.

நான்காம் நாள் கணக்கெடுப்பு.
முப்பத்து நான்கு கேள்விகள்.
காப்பிப் பழம் பறிக்கும் மாதம், ஊரில் ஆளில்லை.
திறந்து கிடந்த வீடுகளில்
கோழிகளிடம் கழிப்பறை உண்டா என்று கேட்டான் பிரசன்னவேல்.

கடைசி வீட்டில் அவள் இருந்தாள்.
கையில் துணிக்கட்டு, அதனால் வேலைக்குப் போகவில்லை.
பெயர் காவேரி.
வயது, என் வயது.
குடும்பத் தலைவர் சேர்வராயன்.
தலைவருக்கு உறவுமுறை: மகள்.
படிப்பு: பன்னிரண்டு.
மதிப்பெண் எழுதப் படிவத்தில் இடமில்லை,
இருந்தும் கேட்டேன்.
என்னைவிட நாற்பத்தொன்று அதிகம்.
ஓரத்தில் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன்.

மேலே படிக்காததன் காரணம்? கேள்வி பத்தொன்பது.
வறுமை, விருப்பமின்மை, திருமணம், தூரம்.
ஒன்றை மட்டும் டிக் செய்யவும்.
அவள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"ராயன்" என்றாள்.
அப்பாவின் பள்ளிச் சான்றில் ராயன்,
ரேஷன் அட்டையில் சேர்வராயன்.
இரண்டும் ஒரே ஆள்தானா என்று
கீழே ஓர் அலுவலகம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.
அதுவரை சாதிச் சான்று இல்லை.
போன வருட நர்சிங் சீட்டு
அந்த நான்கு எழுத்துக்குள் போய்விட்டது.

ஊருக்கு உடனடித் தேவை என்ன? கடைசிக் கேள்வி.
அவள் உள்ளே போய்
துணிக்கடைப் பையில் சுற்றிய நகல்களோடு வந்தாள்.
"நீங்க கீழதானே இருக்கீங்க.
நான் ஒருவாட்டி வந்துபோனா ஒருநாள் கூலி போயிடுது.
எந்த மேசையில நிக்குதுன்னு மட்டும்
கேட்டுச் சொல்லுங்க."

நிறைவு விழாவில் எல்லோரும் மண்வெட்டியோடு
போட்டோ எடுத்துக்கொண்டோம்.

மூன்று செவ்வாய்க்கிழமைகள்.
முதல் செவ்வாய், பார்க்க வேண்டியவர் லீவு.
இரண்டாம் செவ்வாய், சர்வர் வேலை செய்யவில்லை.
மூன்றாவதில், "நீ யாரும்மா அவங்களுக்கு?"
நோட்டைத் தள்ளினார். பெயர், முகவரி, உறவுமுறை.
இந்தக் கட்டத்தை எத்தனை வீட்டில் நிரப்பியிருப்பேன்,
மகள், மருமகன், கொழுந்தி, தம்பி மனைவி.
பேனா மூடியைக் கடித்தபடி நின்றேன்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
ஒரே வயது, என்று எழுதினேன்.
அவர் படித்துப் பார்க்கவில்லை.

கல்லூரியில் மூன்று மதியமும் ஆப்சென்ட்.
சேவை நோட்டில் நூற்றிருபது நிரம்பியாயிற்று,
சுவருக்குப் பதினான்கு, குழிக்கு ஆறு,
தீ மூட்டி ஆடிய இரவுக்குக்கூட மூன்று.

காப்பி காயப்போடும் களத்துக்கு ஏறினால்தான்
அவளுக்கு டவர் கிடைக்கும்.
ஏழரைக்கு எடுத்தாள், மூச்சு வாங்கியது.
ரெண்டாவது மேசைக்குப் போயிடுச்சு என்றேன்,
நானே தூக்கிப்போய் வைத்தது போல.
கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது.

"மொத்தம் எத்தனை மேசைங்க?"

நான் எண்ணியிருக்கவில்லை.