பதிலளிப்பவர் நாற்பத்தொன்று

முதுகலை விண்ணப்பத்தில்
‘இளங்கலைச் சாதனைகள்’ என்ற கட்டத்துக்கு
ஒன்றரை வரி இடம் விட்டிருக்கிறார்கள்.
பேனாவைத் திறந்து, மூடி, திறந்து
அரை மணி ஆகிறது.

மன்றச் செயலாளர் என்று எழுதலாம்.
பொருளியல் மன்றத்துக்கு மூன்று கூட்டம் நடத்தினேன்.
இரண்டில் மைக் வேலை செய்யவில்லை.
மூன்றாவதில் மைக் நன்றாக இருந்தது,
பேச்சாளர் வரவில்லை.
அன்றைக்கு நான்தான் பேசினேன்,
கேன்டீன் டீ எட்டிலிருந்து பத்தானதைப் பற்றி,
கரும்பலகையில் தேவைக் கோடு போட்டு.
மறுவாரம் டீ ஒன்பதுக்கு இறங்கியது.
கிளாஸும் சிறுத்தது.

ஆய்வு என்று எழுதலாம்.
தலைப்பே கட்டத்துக்குள் அடங்காது:
கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில்
கூடை சுமந்து மீன் விற்கும் பெண்களின்
தினத் தண்டல் கடன்கள்.
அறுபத்திரண்டு பேர். இருபது கேள்வி.
ஐஸ் தண்ணீரில் ஊறி
ஒன்றோடொன்று ஒட்டிய தாள்கள்.
தமீமுன் நிஷாவின் லேப்டாப்பில்
ஐந்து விழாது.
ஐந்து வரும் இடத்திலெல்லாம்
பழைய கோப்பிலிருந்து ஓர் ஐந்தை
நகலெடுத்து ஒட்டுவாள்.
எங்கள் அட்டவணைகளில் உள்ள ஐந்தெல்லாம்
ஒரே ஐந்தின் பிள்ளைகள்.

பத்தாயிரம் என்று பேர்.
கைக்கு வருவது எட்டாயிரத்து ஐந்நூறு.
நாளுக்கு நூறு, நூறு நாள்.
“நூத்துக்குப் பதினஞ்சுதானே” என்பார் தண்டல்காரர்,
பைக்கை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றி.
நாள்தோறும் குறையும் அசலை வைத்துப் பார்த்தால்
ஆண்டுக்கு நூற்று இருபத்தொரு சதவீதம்.
மூன்று முறை போட்டோம்.
நாலாவது முறைக்கு நிஷா மாட்டேன் என்றுவிட்டாள்.

புதுச்சேரியில் மாணவர் கருத்தரங்கு.
குளிர் அறை, ஆறே நிமிடம், முடிந்தால் மணி.
நூற்று இருபத்தொன்று என்றதும்
அரங்கம் ‘ச்சு’ கொட்டியது.
இரண்டாம் பரிசு.
சான்றிதழில் ‘அஞ்சலி’ என்று அடித்திருந்தார்கள்.
அஞ்சலாட்சிக்கு அந்தக் கோட்டில் இடம் இருந்தது,
விரலால் அளந்து பார்த்தேன்.
நிஷாவுக்குக் கோடே இல்லை.
கடலூர் பஸ்ஸில் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு
இருவரும் மாறி மாறித் தூங்கினோம்.

மறுநாள் முடிவைச் சொல்லிவிட்டு வரலாம் என்று
துறைமுகம் போனேன்.
பதில் சொன்னவர் பெயரை எழுதக் கூடாது என்பது விதி.
அதனால் இங்கும் அவள் நாற்பத்தொன்றுதான்.
சங்கராவுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள்.
கத்தி நிற்காமல் கேட்டாள்.

“நூத்தி இருபத்தொண்ணா. இருக்கும்.
மூணே முக்காலுக்குப் போட்டு வருது, நாலுக்கு ஏலம்.
நாலே காலுக்குள்ள காசு வைக்கலன்னா
மீனு அடுத்தவ கூடைக்கு.
அந்நேரத்துக்கு எந்த பேங்க்கு தொறந்து வச்சிருக்கான்?
அதை எழுதினியா?”

எழுதவில்லை.
வயது, படிப்பு, குடும்ப அளவு,
குடும்பத் தலைவர் யார் என்றுகூடக் கேட்டிருந்தோம்.
இருபதில் ஒன்றுகூட
மணி என்ன என்று கேட்கவில்லை.

“இருபது நிமிஷம் என்னை உக்கார வச்சியே,
அதுக்கு என்னா வட்டி?”
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
ஒரு கிலோ சங்கரா வாங்கினேன்,
சொன்ன விலைக்கே.
அதற்கும் திட்டினாள்:
“பேரம் பேசாம வாங்குறவ
மார்க்கெட்டையே கெடுக்குறா.”

மூன்றே காலுக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.
டார்ச் நிஷா கொண்டு வருவாள்.
புதிய தாளில் இதுவரை
ஒரே ஒரு கேள்வி இருக்கிறது.
பேனாவை அதன்மேல் வைத்துவிட்டு
விண்ணப்பத்தை இழுத்து எழுதினேன்:
‘இரண்டாம் பரிசு.’
பென்சிலால்.